பழைய வில்லையும் அகன்ற பார்வையும்

வீட்டிற் கமரா வைத்திருப்போர் பலருக்கும் ஒரு குறை உண்டு. திருமணத்தன்று சுற்றத்தார் அனைவரையும் விறாந்தையில் நிறுத்திப் படம் எடுக்க முனைவர். இரு ஓரங்களிலும் நிற்போர் சட்டத்துக்கு வெளியே போய்விடுவர். பின்னால் நகரலாமென்றால் முதுகு சுவரில் முட்டும். “இன்னும் அகலமாகப் பார்க்கும் வில்லையொன்று இருந்தால்!” என்ற எண்ணம் அப்பொழுதுதான் பிறக்கிறது. புதிய வில்லையின் விலையைக் கேட்டவுடன் அவ்வெண்ணம் சுருங்கியும் விடுகிறது.

இத்தகையோருக்குப் பழைய அகல்கோண வில்லைகள் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. 1950 முதல் 1980களின் இறுதிவரை செய்யப்பட்டவையும், கையால் வளையத்தைத் திருகித் தெளிவு காணவேண்டியவையுமான வில்லைகள் பாவித்த பொருளாக இன்றும் உலகெங்கும் விற்கப்படுகின்றன. தகுந்த இணைப்பு வளையம் ஒன்றின் துணையுடன் அவற்றை இக்காலத்து டிஜிட்டல் கமராக்களிற் பொருத்தலாம். ஆயினும், பெயரைக் கேட்டு மயங்கிப் பணத்தைக் கொடுப்போர் ஏமாறுவதும் உண்டு. எதைத் தெரிவது, எவ்வாறு சோதிப்பது, வாங்கியபின் எவ்வாறு கையாள்வது என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

அகலம் என்பது யாது?

பழைய படச்சுருளின் ஒரு சட்டம் 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது. அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீற்றர். இதற்கு அண்மையான குவியத்தூரமுடைய 50 மில்லிமீற்றர் வில்லையைச் சாதாரண வில்லை என்பர். அது ஏறத்தாழ 47 பாகைக் கோணத்தைக் காணும். குவியத்தூரம் குறையக் குறையக் கோணம் விரியும். 35 மில்லிமீற்றர் வில்லை 63 பாகையையும், 28 மில்லிமீற்றர் வில்லை 75 பாகையையும், 24 மில்லிமீற்றர் வில்லை 84 பாகையையும் தன்னுள் அடக்கும்.

அகல்கோண வில்லை தூரத்தைக் கூட்டி, முகங்களைத் திரித்துக் காட்டுகிறது என்று பலர் எண்ணுவர். ஓரிடத்தில் நின்றவாறே வில்லையை மட்டும் மாற்றினால், முன்னுள்ள பொருளுக்கும் பின்னுள்ள பொருளுக்கும் இடையேயான அளவுப் பொருத்தம் சற்றும் மாறாது. அதனைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடமே. ஒருவருடைய மூக்கு அவர் செவியைவிட ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் முன்னே நிற்கிறது என்று கொள்வோம். இரண்டு மீற்றர் தூரத்திலிருந்து நோக்கினால் அவ்வேறுபாடு மிகச் சிறிது. 40 சென்ரிமீற்றர் தூரத்திற்குக் கமராவைக் கொண்டுசென்றாலோ, மூக்கு செவியைவிட நூற்றுக்கு 30 பங்கு பெருத்துத் தோன்றும். குற்றம் கண்ணாடியினுடையதன்று; கிட்டப்போன காலினுடையது.

வேறொரு திரிபு மெய்யாகவே உண்டு. 28 மில்லிமீற்றர் வில்லையால் எடுத்த படத்தின் இடவல ஓரங்களில் உள்ள உருண்டையான பொருள், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அகன்று முட்டை வடிவாகும். ஆதலின், குழுப்படம் எடுக்கும்போது ஓரத்தில் ஒருவரையும் ஒட்டி நிறுத்தாமல், இரு பக்கமும் சிறிது வெற்றிடம் விடுதல் நன்று.

ஆடி தந்த இடர்

படம் எடுப்போர் காட்சியை வில்லையினூடாகவே பார்ப்பதற்கென, உள்ளே ஓர் ஆடியைக் கொண்ட கமராக்கள் தோன்றின. படம் பிடிக்கும் கணத்தில் அவ்வாடி மேலே எழும்ப வேண்டும். அதற்கு வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் இடம் வேண்டும். 28 மில்லிமீற்றர் வில்லையோ, எளிய அமைப்பிற் செய்யப்பட்டால், படச்சுருளுக்கு 28 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்க வேண்டியது. ஆடி அதில் இடித்துவிடும்.

இச்சிக்கலைத் தீர்க்க, முன்புறத்தில் ஒரு குழிவு வில்லையையும் பின்புறத்தில் குவிவுத் தொகுதியையும் வைத்து, தொலைநோக்கு வில்லையைத் தலைகீழாகத் திருப்பியது போன்றதோர் அமைப்பை வகுத்தனர். பிரான்ஸ் நாட்டுப் பியேர் ஆஞ்செனியூ 1950ஆம் ஆண்டில் இம்முறையிற் செய்த 35 மில்லிமீற்றர் வில்லை புகழ்பெற்றது. ஜேர்மனியின் ஜெனா நகரத்துக் கார்ல் ஸைஸ் ஆலையும் பிளெக்டகோன் என்ற பெயரில் அவ்வகை வில்லைகளை வெளியிட்டது. சோவியத் நாட்டில் அதனைப் பின்பற்றி மிர் என்ற 37 மில்லிமீற்றர் வில்லை பிறந்தது. 1958ஆம் ஆண்டு பிரசல்ஸ் கண்காட்சியிற் பெற்ற பெரும் பரிசைப் பறைசாற்றும் எழுத்துக்களை அதன் நெற்றியில் இன்றும் காணலாம்.

ஆனால், ஒரு நன்மைக்கு ஒரு விலை உண்டு. இத்தகைய வில்லைக்குப் பல கண்ணாடித் துண்டுகள் வேண்டும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு ஒளியைத் தெறிக்கச் செய்யும். தனித்தனியான ஆறு கண்ணாடிகளுக்குப் பன்னிரண்டு மேற்பரப்புகள். எனவே ஐந்தில் இரண்டு பங்கு ஒளி இழக்கப்படும். அவ்வாறு தெறித்த ஒளி உள்ளே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935ஆம் ஆண்டில் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்ட தெறிப்புத் தடுக்கும் மென்பூச்சு இத்துறைக்கு உயிர்கொடுத்தது எனலாம். யப்பானிய அசாகி நிறுவனம் 1971ஆம் ஆண்டில் பல அடுக்குப் பூச்சைத் தன் தக்குமார் வில்லைகளுக்கு இட்டது. ஆதலால் 1970களிலும் அதன்பின்னரும் வந்த வில்லைகள், வெயிலும் விளக்கும் எதிர்ப்படும் இடங்களில் முந்தியவற்றைவிடப் பெரும்பாலும் தெளிவு மிக்கவை.

எதைத் தெரிவது?

முதலில் தம் கமராவின் சென்ஸர் அளவை அறிதல் வேண்டும். பழைய சட்டத்தின் முழு அளவுடைய சென்ஸரில் மட்டுமே 28 மில்லிமீற்றர் வில்லை 75 பாகையைக் காட்டும். பலர் வைத்திருக்கும் சிறிய சென்ஸர், நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால், அதே வில்லை 42 மில்லிமீற்றர் வில்லைபோலாகிச் சாதாரண வில்லையாகிவிடும். அத்தகைய கமரா உடையோர் அகலத்தை நாடிப் பழைய 28 மில்லிமீற்றர் வில்லையை வாங்குதல் வீண்செலவாகும்.

முழுச் சென்ஸர் உடையோருக்கு 28 மில்லிமீற்றர் நல்ல தொடக்கம். எப் 2 போன்ற பெருந்துவார வில்லைகளை நாடாமல், எப் 2.8 அல்லது எப் 3.5 உடையவற்றைத் தெரிதல் நன்று. அவை சிறியவை, விலை குறைந்தவை, ஓரங்களிலும் பெரும்பாலும் ஒழுங்காக வரைபவை. அசாகியின் தக்குமார் 28 மில்லிமீற்றர் எப் 3.5, ஒலிம்பஸ் நிறுவனத்தின் சுயிக்கோ 28 மில்லிமீற்றர் எப் 3.5 ஆகியன இவ்வகையின. சிறிது கூடுதலாகச் செலவிடக்கூடியோர் நிக்கோர் 28 மில்லிமீற்றர் எப் 2.8 வில்லையின் 1981ஆம் ஆண்டு அமைப்பைத் தேடலாம். அது 20 சென்ரிமீற்றர் தூரம்வரை கிட்டச் சென்று தெளிவு காணும். அதே பெயரிலுள்ள முந்திய அமைப்பு 30 சென்ரிமீற்றருடன் நின்றுவிடும். வளையத்திற் பொறித்த தூரத்தைப் பார்த்தே வேறுபாட்டை அறியலாம்.

ஒரே பெயர் பல கைகளின் வேலையை மறைப்பதும் உண்டு. விவிட்டார் நிறுவனம் பிற ஆலைகளிற் செய்வித்த வில்லைகளுக்குத் தன் பெயரை இட்டது. தொடரிலக்கம் 22 எனத் தொடங்கினால் கினோ ஆலையும், 28 எனத் தொடங்கினால் கொமினே ஆலையும், 37 எனத் தொடங்கினால் டொக்கினா ஆலையும் செய்தவை என அறிக.

வாங்குமுன் சோதனை

பெயரிலும் பெரிது நிலைமை. துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்புறத்திலிருந்து டோர்ச் விளக்கொளியைச் செலுத்திச் சரிவாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற கிளைகள் தோன்றினால் அது பூஞ்சணம். நம் நாட்டின் ஈரக்காற்றில் இஃது எளிதிற் பரவும். பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். பனிபோன்ற மங்கல் தெரிந்தால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கலாம். ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன என்பது பொருள். இம்மூன்றில் எது இருந்தாலும் விட்டுவிடுதல் அறிவுடைமை. ஒன்றிரண்டு தூசிகளும் சிறு கீறலும் படத்தைக் கெடுக்கா, அவற்றுக்கு அஞ்சவேண்டுவதில்லை.

துவாரத் தகடுகளில் எண்ணெய் மினுங்குகிறதா, வளையம் ஒரே சீராகச் சுழல்கிறதா, முன்விளிம்பு நெளிந்துள்ளதா என்பவற்றையும் நோக்குக. நெளிந்த விளிம்பு, வில்லை கீழே விழுந்ததற்குச் சான்று. விழுந்த வில்லையில் கண்ணாடிகள் மையம் விலகியிருக்கக்கூடும். இதனை அறிய, கமராவை முக்காலியில் வைத்துத் தூரத்து விளக்கொன்றைப் படச்சட்டத்தின் நான்கு மூலைகளிலும் முறையே அமைத்து நான்கு படங்கள் எடுக்க வேண்டும். நான்கிலும் விளக்கு ஒரே அளவு மங்கினால் அது அமைப்பின் இயல்பு. ஒரு மூலையில் மட்டும் மிகச் சிதைந்தால் அந்த வில்லை பழுதுபட்டது.

கையாளும் முறை

இணைப்பு வளையத்தின் தடிப்புச் செம்மையாக இருத்தல் வேண்டும். 42 மில்லிமீற்றர் திருகுவாயுடைய வில்லை படத்தளத்திலிருந்து 45.46 மில்லிமீற்றர் தூரத்தில் அமர வேண்டியது; 18 மில்லிமீற்றர் ஆழமுடைய கமராவுக்கு 27.46 மில்லிமீற்றர் வளையம் வேண்டும். மலிவான வளையங்கள் இதனிற் சற்று மெலிந்திருத்தல் வழக்கம். அப்பொழுது வில்லையிற் பொறித்த தூர அளவுகள் பொய்த்துவிடும்.

அளவுகள் சரியாயின், அகல்கோண வில்லையின் பெருஞ்சிறப்பு கைகூடும். 28 மில்லிமீற்றர் வில்லையில் துவாரத்தை எப் 8இல் வைத்து, தூரத்தை 3.3 மீற்றரில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.6 மீற்றர் முதல் முடிவிலிவரை யாவும் தெளிவாகத் தோன்றும். பின்னர் தெளிவுக்கெனத் திருகவேண்டுவதே இல்லை. காட்சியை மட்டும் கவனிக்கலாம். இக்கணக்கு படச்சுருட் காலத்துக் கணக்கு. மிக நுணுக்கமான டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்க விரும்புவோர், எப் 8இல் எடுக்கும்போது எப் 5.6க்குரிய கோடுகளையே நம்புதல் பொருத்தம்.

கோபுரத்தைப் படமெடுக்கக் கமராவை மேலே சாய்த்தால், கோபுரம் பின்னே விழுவதுபோல் தோன்றும். கமராவை நிமிர்த்தி நேராகப் பிடித்து, சற்றுத் தொலைவில் நின்றெடுத்து, கீழுள்ள வெறுந்தரையை வெட்டிவிடுவதே எளிய மருந்து.

சுவர் இல்லாத இடத்திலும் கிட்டப் போவது ஏன்?

செக்கோஸ்லோவாக்கியாவில் விமானப் பொறியியலாளராக இருந்த ஜோசப் கௌடெல்கா, 1960களில் ரோமா மக்களின் வாழ்க்கையைப் படம் பிடித்தார். எக்ஸாக்டா கமராவும் 25 மில்லிமீற்றர் பிளெக்டகோன் வில்லையுமே அவர் கருவிகள். ஒளி குறைந்த சிறு குடில்களுள், கட்டிலையும் அடுப்பையும் பிள்ளைகளையும் ஒரே சட்டத்துள் அடக்க அவ்வில்லை உதவியது. ஆனால் அதனாற் படம் எடுக்க வேண்டுமாயின், எடுப்பவர் ஒரு முழத் தூரத்தில் நிற்க வேண்டும். முகங்கொடுத்துப் பழகாதவனை எவர் அவ்வளவு கிட்ட நிற்க விடுவர்?

1968 ஆகஸ்ட் 21ஆம் திகதி சோவியத் தாங்கிகள் பிராக் நகரத்துட் புகுந்தபோது, அவர் அதே கமராவுடன் தெருவில் இறங்கினார். அப்படங்கள் இரகசியமாக நாட்டைவிட்டு வெளியேறி, 1969இல் எடுத்தவர் பெயரின்றி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. ரொபர்ட் கப்பா தங்கப் பதக்கமும் பெயரறியாத செக் படப்பிடிப்பாளருக்கே வழங்கப்பட்டது. குடும்பத்தாருக்குத் தீங்கு நேரலாகாதென்று அவர் பல்லாண்டுகள் தம்மை வெளிப்படுத்தவில்லை. தாங்கியையும், அதன்முன் நின்ற மனிதரையும், அவருக்குப் பின்னிருந்த நகரத்தையும் ஒருங்கே காட்டும் அப்படங்கள், அகல்கோண வில்லையின் பயன் யாதென்பதற்குச் சான்றாகும். ஒருவரை அவர் வாழும் சூழலோடு சேர்த்துக் காட்டுவதே அப்பயன்.

பேணுதல்

வாங்கிய வில்லையைத் தோலுறையில் இட்டு அலுமாரியிற் பூட்டிவைத்தல் கூடாது. தோல் ஈரத்தை ஈர்க்கும், இருள் பூஞ்சணத்தை வளர்க்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்து, ஈரப்பதன் நூற்றுக்கு 40 முதல் 50வரை இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துதல் அதனிலும் சிறந்த காப்பு.

மாணவர்கள் ஒரு பழைய 28 மில்லிமீற்றர் வில்லையுடன் ஓராண்டு பழகிப் பார்க்கட்டும். தூரத்தைக் கண்ணால் மதித்தல், ஒளியை எண்ணித் துவாரத்தை அமைத்தல், காலடி எடுத்து வைத்து இடத்தைத் தெரிதல் ஆகிய மூன்றும் தாமே கைவரும். எல்லாவற்றையும் தானே செய்யும் கருவி இவற்றைக் கற்பிப்பதில்லை. விறாந்தையிற் சுற்றத்தாரை நிறுத்தும்போதும், சட்டம் கொள்ளவில்லையே என்று பின்வாங்குவதைவிட, ஓரடி முன்வைத்து அவர்களிடையே செல்வதற்கே இவ்வில்லை துணைபுரியும்.