முதல் கோணல் முற்றும் கோணலா?

‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. கோலம் போடும்போதும் துணி தைக்கும்போதும் அது பெரும்பாலும் மெய்யாகிவிடுகிறது. ஆனால், ஒரு நாட்டின் தலைவர் பதவியேற்ற சில மாதங்களிலேயே தவறிவிட்டால், ‘அனுபவமில்லாதவர்’ என்று அவரைத் தள்ளிவிடலாமா? இதற்கு விடை காண, அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1960ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற நிக்ஸன், துணை ஜனாதிபதியாக இருந்தவர். தம் அனுபவத்தைச் சொல்லியே அவர் வாக்குக் கேட்டார். கென்னடிக்கோ வயது 43. பாராளுமன்றத்தில் பதினான்கு ஆண்டுகள் அமர்ந்திருந்தாரேயன்றி, அரசாங்கம் எதையும் நடத்தியவர் அல்லர். கத்தோலிக்கர் ஒருவர் அப்பதவிக்கு வரலாமா என்ற கேள்வி வேறு! எனினும் மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வென்று, 1961 ஜனவரி 20ஆம் நாள் பதவியேற்றார்.

மூன்றே மாதங்களில் சோதனை வந்தது. கியூபாவில் பிடல் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க, அங்கிருந்து வெளியேறியவர்களைக் கொண்டே ஒரு படையெடுப்பு நடத்தச் சி.ஐ.ஏ. என்னும் ஒற்றர் இலாகா திட்டமிட்டிருந்தது. முந்தைய ஜனாதிபதி ஐசன்ஹோவர் காலத்தில் உருவான திட்டம் அது. இலாகாவின் தலைவர் ஆலன் டல்லஸ் 1953 முதல் அப்பதவியில் இருந்தவர். இத்தகைய பழுத்த அனுபவசாலிகள் சொல்லும்போது, புதியவர் எவ்வாறு மறுப்பார்? கென்னடி இசைந்தார். ஏப்ரல் 17ஆம் நாள் ஏறத்தாழ 1,400 பேர் பன்றிகள் வளைகுடாவில் இறங்கினர். மூன்று நாட்களில் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,100க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

மூத்தோர் சொல் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும் என்பார்கள். இங்கோ அது தலைகீழாயிற்று! ஆனால் பழி முழுவதையும் மூத்தோர்மேல் போடுவதும் நியாயமன்று. இரண்டாவது விமானத் தாக்குதலை நிறுத்தியவர் கென்னடியே. திட்டத்தை வேண்டாமென்று சொன்ன செனட்டர் புல்பிரைட்டின் எச்சரிக்கையும் அவர் காதில் விழாமல் இல்லை. ஒன்று மட்டும் பாராட்டத்தக்கது: தோல்விக்குத் தாமே பொறுப்பென்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வியப்பு என்னவெனில், அதன்பின் நடந்த கருத்துக் கணிப்பில் 83 சதவீதத்தினர் அவர் செயலாற்றுவதை ஆதரித்தனர்.

அப்படியாயின் அனுபவம் வேண்டாமா? அனுபவம் ஒன்றே போதுமென்றால், ஜேம்ஸ் புக்கானன் சிறந்த தலைவராக விளங்கியிருக்க வேண்டும். செனட்டர், வெளிநாட்டு மந்திரி, ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர் எனப் பல பதவிகளைக் கண்டபின் 1857இல் ஜனாதிபதியானவர் அவர். அவர் 1861இல் பதவி விலகும் முன்பே ஏழு மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிந்துவிட்டன. பின்வந்த லிங்கனோ, இரண்டே ஆண்டுகள் பாராளுமன்றத்தில் இருந்தவர்.

எனவே, எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைக் காட்டிலும், தவறியபின் என்ன செய்தார் என்பதே நாம் பார்க்க வேண்டியது எனத் தோன்றுகிறது. 1962 அக்டோபரில் சோவியத் ரஷ்யா கியூபாவில் ஏவுகணைகளை வைத்திருப்பது தெரிந்தது. உடனே குண்டு வீசவேண்டுமென்று தளபதிகள் வற்புறுத்தினர். பதினெட்டு மாதங்களுக்கு முன்பாயின் கென்னடி தலையசைத்திருப்பாரோ என்னவோ! இம்முறை அவர் பலரையும் கூட்டி வாதிடச் செய்தார். தம் எதிரில் பேசத் தயங்குவார்களென்று சில கூட்டங்களுக்குத் தாமே வராமலும் இருந்தார். குண்டுக்குப் பதில் கடல்வழியை மறித்தார். கியூபாமீது படையெடுப்பதில்லை என்று வாக்களித்தார். துருக்கியில் இருந்த தம் ஏவுகணைகளை அகற்றவும் இரகசியமாக இசைந்தார். அக்டோபர் 28ஆம் நாள் குருஷ்சேவ் பின்வாங்கினார். உலகம் அணுகுண்டுப் போரினின்று தப்பியது.

அன்றும் பன்றிகள் வளைகுடாக் கைதிகள் கியூபாச் சிறையிலேயே இருந்தனர். 5 கோடியே 30 இலட்சம் டாலர் பெறுமான உணவும் மருந்தும் ஈடாகத் தருவதாக ஏற்பாடான பின்னரே, 1962ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வேளையில் அவர்கள் மியாமி நகரை வந்தடைந்தனர். கென்னடி கற்ற பாடத்திற்கு அவர்கள் கட்டிய கட்டணம், இருபது மாதச் சிறைவாசம்.