உங்களுக்குத் தெரியுமா? யவனர் மதுவும் கொங்குப் பெருவழியும்

இத்தாலியக் கிராமமொன்றில் சில நாள் தங்கி, அவ்வூர்ப் பாகசாஸ்திரத்தைக் கற்று, தோட்டத்துத் திராட்சையில் வடித்த மதுவைச் சுவைத்து வரும் உல்லாச யாத்திரை இன்று பிரசித்தமாயிருக்க, ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மது நம்மைத் தேடிக் கப்பலேறி வந்ததென்பதை நினைக்குந்தோறும் உள்ளம் வியப்பில் ஆழ்கிறது. யவனராகிய கிரேக்க, ரோமானிய வணிகர் கொணர்ந்த நறுந்தேறலைப் பொற்கலத்தில் பருகி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் காணலாம். வெசூவியஸ் எரிமலையைச் சார்ந்த கம்பானியா பிரதேசத்தில், கரிய எரிமலை மணல் கலந்து வனைந்த மதுச்சாடிகளின் ஓடுகள் புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் அகப்பட்டுள்ளன.

இவ்வாணிபத்தில் கொங்கு நாட்டின் பங்கு சாமானியமானதன்று. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே நொய்யற்கரையைத் தொட்டுச் சென்ற பெருவழியில், கோவையை அடுத்த வெள்ளலூரில் அகஸ்டஸ், டைபீரியஸ் சக்கரவர்த்திகளின் வெள்ளி நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன. அதே வழியிலமைந்த கொடுமணலிலோ, பளிங்கையும் பச்சைக்கல்லையும் மணிகளாக்கிய தொழிற்கூடங்களே அகழாய்வில் வெளிப்பட்டன. ரோமாபுரியின் அடுக்களைக்கோ நம் மேற்கு மலைச்சாரல் மிளகு இன்றியமையாததாயிற்று: அபிசியஸ் பெயரால் வழங்கும் லத்தீன் பாகநூலில் மிளகு சேராத பதார்த்தம் அரிது.