விராலுக்கு ஒரு ரப்பர் தவளை

சித்தூர், திருப்பதி வட்டார ஏரிகளில் விரால் உண்டு, தெலுங்கில் கொர்ரமீனு. தவளை என்றால் அதற்கு உயிர். அதற்காக உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து வதைக்க வேண்டாம். தேய்ந்த ஹவாய் செருப்பில் கட்டைவிரல் அளவு துண்டை வெட்டி, முன்பக்கத்தைக் கூராகச் சீவுங்கள். இரட்டை முள்ளைச் செருகும்போது முனைகள் மேல்நோக்கி, ரப்பரின் முதுகை ஒட்டியே இருக்கட்டும். அப்போதுதான் தாமரைக் கொடியிலும் பாசியிலும் மாட்டாது. பின்னால் சாக்கு நாரில் இரண்டு கால்கள். நீர்மேல் விட்டுவிட்டுச் சுண்டி இழுத்தால் தவளை தத்துவதுபோலவே இருக்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிகிற இடத்தில் மட்டும் தூண்டில் போடாதீர்கள். தாய் தகப்பன் மீன்கள் அங்கே காவல் இருக்கும்; அவை பிடிபட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.