பல்லுயிர் ஈடுசெய்தலும் இயற்கைப் பாதுகாப்பு நிதியும்: காஞ்சிபுரம் வட்டார ஏரிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓரிடத்தில் அழியும் இயற்கைக்கு ஈடாகப் பிறிதோரிடத்தில் இயற்கையை உருவாக்குதல் அல்லது அதற்குரிய நிதியைச் செலுத்துதல் பல்லுயிர் ஈடுசெய்தல் எனப்படுகிறது. இந்தியச் சட்டங்களில் இக்கருத்து காடு என்னும் அலகைச் சுற்றியே வளர்ந்துள்ளது. ஏரிகளால் ஆன காஞ்சிபுரம் வட்டார நிலவமைப்பை அவ்வலகு கொண்டு அளக்க இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏரியின் மதிப்பு அதன் அமைவிடத்தில் தங்கியிருப்பதால், இடம் மாற்றிச் செய்யும் ஈடு அதற்குப் பொருந்தாது என்பதும், இவ்வட்டாரத்தின் பழைய ஏரிப் பராமரிப்பு நிதிமுறைகள் பணத்தை அந்தந்த ஏரியோடு பிணைத்திருந்தன என்பதும் இதில் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பல்லுயிர் ஈடுசெய்தல், ஈடுசெய் காடு வளர்ப்பு, ஏரித்தொடர், ஏரி வாரியம், பரந்தூர், வேடந்தாங்கல்.

முன்னுரை

பெரிய காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டுத் தறிகளாலும் அறியப்படும் ஊர். அதன் சர்வதீர்த்தக் குளமும், நகரை ஒட்டி ஓடிப் பாலாற்றில் கலக்கும் வேகவதியும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறமோ ஏரிகளால் ஆனது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ‘ஏரி மாவட்டம்’ என்று அழைப்பது இன்றும் வழக்கில் உள்ளது. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லாத இந்நிலத்தில், வடகிழக்குப் பருவமழையின் சில வார நீரைத் தேக்கி வைத்து நெல் விளைவித்ததன் அடையாளம் அந்த ஏரிகள்.

இந்நகருக்கு அண்மையில் உள்ள பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பல கிராமங்களில் சுமார் 5,700 ஏக்கர் நிலம் இதற்குத் தேவைப்படுகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புறம்போக்கு. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால் ஆகியவை இச்சொல்லுக்குள் அடங்கியுள்ளன. பாலாற்று நீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டு செல்லும் கம்பன் கால்வாயும் இப்பகுதியை ஊடறுத்துச் செல்கிறது. ஏகனாபுரம் மக்கள் கிராம சபைகளில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளனர். மச்சேந்திரநாதன் தலைமையில் நீரியல் ஆய்வுக் குழு ஒன்றை மாநில அரசு அமைத்தது. 2024இல் இடத்திற்கான அனுமதியும் 2025இல் கொள்கை அளவிலான ஒப்புதலும் ஒன்றிய அரசிடமிருந்து கிடைத்தன.

விமான நிலையம் தேவையா, தேவையில்லையா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. இத்தகைய திட்டத்தில் ஓர் ஏரி மறைந்தால் அதற்கு ஈடு என்று எதைக் கூற முடியும், அதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே ஈண்டு எழும் வினா.

ஈடுசெய்தல்: கருத்தும் வாதங்களும்

தவிர்த்தல், குறைத்தல், மீட்டெடுத்தல், ஈடுசெய்தல் என நான்கு படிகளைச் சூழலியல் திட்டமிடல் வகுத்துள்ளது. முதல் மூன்றும் இயலாதபோது எஞ்சும் இழப்புக்கு மட்டுமே நான்காவது படி உரியது. நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது என்பதே இதன்மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு. ஈடு கிடைக்கும் என்ற உறுதி கைக்கு வந்தபின் தவிர்ப்பதற்கான முயற்சி தளர்கிறது.

இதன் முன்னோடி அமெரிக்காவின் சதுப்புநில ஈட்டுமுறை. 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின் அடிப்படையில் அது வளர்ந்தது. சதுப்புநிலத்தை நிரப்புபவர், வேறோரிடத்தில் சதுப்புநிலத்தை மீட்டவரிடமிருந்து புள்ளிகளை விலைக்கு வாங்கலாம். ‘நிகர இழப்பு இல்லை’ என்பது 1980களின் இறுதியில் அந்நாட்டின் கொள்கையாயிற்று. ஆனால், 2001இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு இதனை ஆராய்ந்து, சதுப்புநிலங்கள் ஆற்றும் பணிகளைப் பொறுத்தவரை அவ்விலக்கு எட்டப்படவில்லை என்று முடிவு கூறியது. பரப்பு சமமாகலாம், பணி சமமாவதில்லை. இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானங்கள் இயற்கையின் மதிப்பை 10 விழுக்காடு கூட்டிக் காட்ட வேண்டும். அதனை 30 ஆண்டுகள் பேணவும் வேண்டும். இழப்பு நேர்ந்த இடத்திலிருந்து ஈடு விலகிச் செல்லச் செல்ல அதன் புள்ளி குறைக்கப்படுவது அம்முறையின் குறிப்பிடத்தக்க கூறு. இடத்திற்கு மதிப்பு உண்டு என்பதை அரைகுறையாகவேனும் அது ஏற்கிறது.

இம்முறையை ஆதரிப்போரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்–மாண்ட்ரியல் பல்லுயிர் வரைசட்டகம், பல்லுயிர்ப் பாதுகாப்புக்கென 2030ஆம் ஆண்டிற்குள் ஆண்டுக்குக் குறைந்தது 20,000 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்கிறது. அதன் 19ஆம் இலக்கு, நிதி திரட்டும் வழிகளுள் ஒன்றாகப் பல்லுயிர் ஈட்டையும் புள்ளிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அரசுகளின் வரவு செலவுத் திட்டங்களில் இயற்கைக்குரிய பங்கு என்றும் கடைசியாகவே வருகிறது. எப்படியும் நடந்தேறும் திட்டங்களிடமிருந்து பணத்தைப் பெற்றுப் பாதுகாப்புக்குச் செலவிடுவது வெறுங்கையோடு நிற்பதைவிட மேல் என்பது அவர்கள் கூற்று. விலை குறிக்கப்படாத பொருள் கணக்கில் சுழியமாகவே கருதப்படும் என்பதும் உண்மைதான்.

காடு என்னும் ஒற்றை அலகு

இந்தியாவில் இக்கருத்து 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்வழி நுழைந்தது. காட்டு நிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு எடுப்பவர் ஈடுசெய் காடு வளர்ப்புக்குப் பணம் செலுத்த வேண்டும். அக்காடு தந்துவந்த பயன்களின் நிகர நடப்பு மதிப்பையும் செலுத்த வேண்டும். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் இதனைச் செறிவாக்கின. 2008இல் அந்நீதிமன்றம் ஏற்ற வீதப்படி, ஒரு ஹெக்டேர் காட்டின் மதிப்பு அதன் வகைக்கும் அடர்த்திக்கும் ஏற்ப 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை அமைந்தது. பின்னர் இவ்வீதங்கள் உயர்த்தப்பட்டன. 2016ஆம் ஆண்டு ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம், திரண்ட தொகையில் 90 விழுக்காட்டை மாநிலங்களுக்கு உரியதாக்கியது. 2019 ஆகஸ்டில் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது.

ஆக, பணம் திரண்டது. காடு திரண்டதா என்பது வேறு. இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, 2006–2012 காலத்தில் ஈடாகப் பெற்றிருக்க வேண்டிய 1,03,381.91 ஹெக்டேர் காடல்லாத நிலத்தில் 27 விழுக்காடே பெறப்பட்டதாகவும், அவ்வாறு பெற்றிருக்க வேண்டிய பரப்பில் 7 விழுக்காட்டு அளவிலேயே காடு வளர்க்கப்பட்டதாகவும் பதிவு செய்கிறது. பெரிய நிக்கோபார் தீவில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுப்பதற்கு ஈடாக அரியானாவில் மரம் நட முன்மொழியப்பட்டது. கடல் சூழ்ந்த தீவின் பசுமைமாறாக் காட்டையும் வடபுலத்தின் வறண்ட நிலத்தையும் ஒரே தராசில் நிறுத்த முடிந்தது எப்படி? ஹெக்டேர் என்ற எடைக்கல் ஒன்றைத் தவிர வேறு எதுவும் அத்தராசில் இல்லாததால்தான்.

2023 அக்டோபரில் வந்த பசுமைப் புள்ளி விதிகள் நீர் மேலாண்மை, சதுப்பலைக் காடு போன்ற துறைகளையும் உள்ளடக்கியிருந்தன. எனினும் முதலில் வகுக்கப்பட்ட கணக்கிடும் முறை மரம் நடுதலுக்கே உரியது. 2024 பிப்ரவரியில் அது மரத்துக்கு ஒரு புள்ளி எனக் கணக்கிட்டது. மரத்தை எண்ணுவது எளிது. அதனாலேயே அது முந்திக்கொள்கிறது.

ஏரியைப் பொறுத்தவரை இதன் விளைவு தெளிவானது. ஏரி காடு அன்று; எனவே நிகர நடப்பு மதிப்பு அதற்கு இல்லை. சதுப்புநிலமாகவேனும் கொள்ளலாமா எனில், 2017ஆம் ஆண்டுச் சதுப்புநில (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகளின் வரையறை பாசனத்துக்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் நெல்வயல்களையும் விலக்கிவிடுகிறது. தொண்டை நாட்டின் ஏரிகள் ஏறத்தாழ அனைத்தும் பாசனத்துக்கென மனிதர் அமைத்தவையே. ஆயிரம் ஆண்டுகளாக நீரும் பறவையும் மீனும் பழகிய ஓரிடம், கரையைக் கட்டியவர் மனிதர் என்பதால் இயற்கை என்னும் கணக்கிலிருந்து வெளியேறுகிறது. ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கான 2007ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் ஏரியைக் காக்க முனைகிறது. ஆனால், அது எல்லையைக் காக்கும் சட்டமேயன்றி ஏரியில் வாழும் உயிர்களின் மதிப்பைக் கூறும் சட்டம் அன்று.

இதில் ஒரு முரணும் உண்டு. 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் இவ்வட்டார ஏரிகள் பலவற்றின் உள்வாயில் கருவேல மரங்கள் நடப்பட்டன. ஏரியைக் காணாத கண் அதனுள் நின்ற மரத்தைக் கண்டுகொண்டது.

அமைவிடமே மதிப்பு

ஏரியைத் தனித்த ஒரு கிண்ணமாகக் கொள்வது பிழை. மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் போக்குக்கால் வழியே கீழ் ஏரிக்கு வரத்தாகிறது. மதகு திறந்து ஆயக்கட்டில் பாய்ந்த நீரின் கசிவும் அவ்வாறே கீழே சென்று சேர்கிறது. இத்தொடரில் ஒவ்வோர் ஏரியும் தனக்குரிய சமஉயரக் கோட்டில் அமைந்துள்ளது. நடுவில் ஒன்றை நீக்கினால் மேலே வெள்ளமும் கீழே வறட்சியும் ஒரே ஆண்டில் நேரலாம். சென்னை வெள்ளம் குறித்த விவாதங்களில் இவ்வட்டாரத்து ஏரிகள் தொடர்ந்து பேசப்படுவதற்குக் காரணம் இதுவே.

‘அதே கொள்ளளவில் வேறோர் ஏரி வெட்டித் தரப்படும்’ அல்லது ‘இருக்கும் ஏரி ஆழப்படுத்தப்படும்’ என்பன ஈட்டுவாதத்தின் நீரியல் வடிவங்கள். கன அடியில் கணக்கு நேராகலாம். ஆனால், ஆழமான ஏரியும் அகன்ற ஆழமற்ற ஏரியும் உயிரியல் நோக்கில் ஒன்றல்ல. நாரையும் கொக்கும் இரை தேடுவது முழங்காலளவு நீரில். நீர் வற்ற வற்ற உள்வாயின் ஓரத்தில் விரியும் சேற்றுப்பரப்பே நத்தைக்குத்தி நாரைக்கு உணவுக்களம். அந்நிலத்திலேயே கோடையில் ஆடுமாடுகள் மேய்கின்றன. விராலும் கெளுத்தியும் வரத்துக்கால் வழியே ஏரிக்கு ஏரி நகர்கின்றன. ஆழப்படுத்திய குழியில் நீர் நிற்கும், இவ்விளிம்பு நிற்காது.

இவ்வாதத்துக்கு வேடந்தாங்கல் தக்க சான்று. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள இவ்வேரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர் மட்டுமே. இதுவும் பாசன ஏரிதான். நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து, அந்நீர் வயலுக்கு உரமாகப் பாய்வதை ஊரார் அறிந்திருந்தனர். அதனால் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சியரிடம் ஆணை பெற்றனர். உழவருக்குப் பறவையின் பயன் அவ்வேரியின் மதகுக்குக் கீழே உள்ள வயலில் கிடைத்தது; வேறெங்கும் அன்று. 1998இல் சரணாலயமாகவும் 2022இல் ராம்சர் தலமாகவும் இது அறிவிக்கப்பட்டது. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை அமைந்தமைக்கு, பறவை உறங்குமிடம் ஒன்று, உண்ணுமிடம் பல என்ற அறிவு அடிப்படை. சுற்றிலும் உள்ள பெயரறியா ஏரிகளும் வயல்களும் இல்லையெனில் வேடந்தாங்கல் இல்லை. அப்பெயரறியா ஏரிகளைத்தான் சட்டம் சுழியமாகக் கணக்கிடுகிறது.

ஏரிக்கு நிதி: ஒரு பழைய மரபு

இயற்கைப் பாதுகாப்புக்கு நிதி என்பது புதிய சிந்தனைபோல் பேசப்படுகிறது. காஞ்சிபுரம் வட்டாரக் கல்வெட்டுகளை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்கும். பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பது பாடநூல்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அவ்வூரின் வைரமேக தடாகம் பல்லவர் காலத்தது. ஏரியின் பராமரிப்புக்கென ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. பொன்னைச் சபையிடம் முதலாக வைத்து, அதன் பலிசையைக் கொண்டு தூர்வாரும் அறக்கட்டளைகளையும் அக்காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. முதல் அழியாமல் வட்டியில் பணி நடக்கும் இவ்வமைப்பு, இன்றைய நிதியியலில் ‘நிலைவைப்பு நிதி’ எனப்படுவதற்கு நிகரானது. 18ஆம் நூற்றாண்டில் பார்னார்டு தொகுத்த செங்கல்பட்டு ஊர்க் கணக்குகளிலும், களத்து நெல்லைப் பங்கிடுமுன் ஏரிக்கென ஒரு பங்கு எடுக்கப்பட்டது பதிவாகியுள்ளது.

இம்மரபை மிகைப்படுத்துவதும் தவறு. ஏரி வாரியத்தில் இடம்பெற நிலமும் வேதக் கல்வியும் தகுதிகளாக இருந்தன. மண் சுமந்தவர்களும் மடை திறந்தவர்களும் அவ்வாரியத்தில் இல்லை. குடிமராமத்து பொற்காலமாகவே இருந்திருப்பின், 1858இல் சென்னை மாகாணம் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்ற நேர்ந்திராது. எனினும் நிதியின் போக்கு கவனத்திற்குரியது. ஏரிப்பட்டியின் விளைச்சல் அந்த ஏரிக்கே சென்றது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே நீரைக் குடித்தனர். பணி நடந்ததா என்பதை அடுத்த மழையில் ஊரே கண்டறிந்தது. இன்றைய ஈட்டு நிதியிலோ, இழப்பு நேரும் ஊர் ஒன்று, பணம் சேரும் கருவூலம் மற்றொன்று, மரம் நடும் இடம் வேறொன்று. நட்ட மரம் பிழைத்ததா என்பதை ஏகனாபுரத்து உழவர் எவ்வாறு சரிபார்ப்பார்?

அளவுகோலை மாற்றுதல்

ஏரித்தொடருக்கு ஈட்டுமுறையை வகுத்தே தீர வேண்டுமெனில், அதன் அலகு ஹெக்டேராகவோ கன அடியாகவோ மட்டும் இருக்க இயலாது. இழப்புக்குரிய ஈடு அதே ஏரித்தொடருக்குள், கீழ் ஏரிகளின் வரத்து குறையாத வகையில் அமைய வேண்டும். ஆழமற்ற விளிம்பின் பரப்பும் நீர் நிற்கும் மாதங்களும் தனியே கணக்கிடப்பட வேண்டும். திட்டம் தொடங்குமுன்பே ஈடு செயல்படத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு பருவமழை தவறினால்கூடப் பறவையும் உழவரும் காத்திருக்கப் போவதில்லை. இந்நிபந்தனைகளை நிறைவேற்ற இயலாத இடங்களில் முதற்படியான தவிர்த்தலே எஞ்சுகிறது. அமெரிக்க முறையில்கூட ஈட்டுப் புள்ளியைப் பெரும்பாலும் அதே நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள்தான் வாங்க இயலும்.

இதற்கு அடிப்படைத் தரவு வேண்டும். பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருத்தல் வேண்டும். எந்த ஏரியில் எம்மாதம் வரை நீர் நிற்கிறது, எப்பறவை எங்கு இறங்குகிறது, எவ்வரத்துக்கால் தூர்ந்துள்ளது என்பதை நீர்க்கட்டியிடமும் மீன்பிடிப்போரிடமும் மேய்ப்போரிடமும் கேட்டு எழுதினால், அப்பதிவேடே முதல் அளவுகோலாகும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் கல்வெட்டியல், நீரியல், பறவையியல் ஆகிய மூன்று துறை ஆய்வாளர்களும் ஒரே ஏரியை எடுத்துக்கொண்டு சேர்ந்து இதைத் தொடங்கலாம். தென்னேரியும் உத்திரமேரூர் ஏரியும் அதற்கு ஏற்ற களங்கள். கல்வெட்டில் பெயருள்ளவை, இன்றும் ஆயக்கட்டு உள்ளவை.