பஸ் கட்டணத்தில் வானம் – 11: காலி விமானமும் இரண்டு மணி நடையும்

ஒரு ரூபாய் டிக்கெட்டையும், இறங்கிய விமானத்தை அரை மணிக்குள் திருப்பி அனுப்பும் வித்தையையும் பார்த்தாயிற்று. விட்டுப்போனவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள். சோழவந்தானையும் ‘சூரரைப் போற்று’ படத்தையும் பற்றி இனிமேல் கடிதம் எழுத வேண்டாம். அதெல்லாம் ஏழாம் பகுதியிலேயே முடிந்துவிட்டது.

இந்த வாரம் மதுரை விமான நிலையத்தின் ராத்திரி என்று சொல்லியிருந்தேன். குறிப்புகள் மேசைமேல்தான் கிடக்கின்றன. ஆனால் செவ்வாய்க்கிழமை வேறெதையோ துழாவப் போய் ஒரு காலி விமானம் கையில் மாட்டிக்கொண்டது. மூன்று நாளாக எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பால்காரர்கூட மிச்சமில்லை. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்து “மதுரை வந்துவிட்டதா?” என்று கேட்டார். “வந்துகொண்டே இருக்கிறது” என்றேன்.

பிரிட்டிஷ் மெடிட்டரேனியன் ஏர்வேஸ் என்று ஒரு கம்பெனி. லண்டன் ஹீத்ரோவிலிருந்து மேற்காசியா, மத்திய ஆசியா பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தது. உஸ்பெகிஸ்தானில் கலவரம் வந்ததும் தாஷ்கண்ட் விமானத்தை நிறுத்தினார்கள். விமானத்தை நிறுத்தலாம், ஆனால் அந்த விமானம் ஹீத்ரோவில் கிளம்ப வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது? பயன்படுத்தாமல் விட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் 2006 அக்டோபர் வாக்கில் தொடங்கி 2007 மார்ச் வரை, வாரத்துக்கு ஆறு முறை, 124 இருக்கை கொண்ட ஏர்பஸ் ஒன்றை ஹீத்ரோவிலிருந்து வேல்ஸில் இருக்கிற கார்டிஃபுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊர் அது. விமானத்தில் ஒரு பயணி கிடையாது. டிக்கெட்டே விற்கவில்லை. விமானி உண்டு, எரிபொருள் உண்டு, 124 காலி இருக்கைகள் உண்டு. போகும், திரும்பி வரும். அரை வருஷம் இப்படியே.

இதைப் போய் வடமதுரை டீக்கடையில், ஓய்வு பெற்ற டைம் கீப்பர் ஒருவரிடம் சொன்னேன். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் நோட்டும் விசிலுமாக நின்றவர். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “இதுல என்ன தம்பி இருக்கு? டைமைக் காப்பாத்த ஓட்டிருக்கான்” என்றார்.

“இல்லண்ணே, ஒரு ஆள்கூட இல்லாம…”

“மத்தியானம் ரெண்டு மணி நடைக்கு யார் இருந்தா? நாலு பேரு, ஒரு வெங்காய மூட்டை. டீசல் காசு தேறாது. ஆனா முதலாளி நிறுத்த மாட்டாரு. ஒரு மாசம் அந்த நடை போகலைன்னு வையி, பின்னாடி வர்ற பஸ்காரன் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மனு எழுதிருவான். பஸ்ஸை யார் வேணா வாங்கலாம் தம்பி. டைமை யார் தருவா?”

இந்தத் தொடருக்காகப் பத்து வாரமாகப் படித்ததையெல்லாம் அவர் ஒரு டீயில் முடித்துவிட்டார்.

திண்டுக்கல் ஸ்டாண்டில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். 7:42 பஸ் 7:43-க்கும் நகரவில்லை என்றால், அடுத்த பஸ்ஸின் கண்டக்டர் கீழே இறங்கி வந்து முன்பஸ்ஸின் பின்கண்ணாடியில் உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டுவார். முன்பஸ் டிரைவர் இன்ஜினை உறுமவிட்டு ஓரடி நகர்த்தி நிறுத்துவார். கிளம்பினது மாதிரியும் இருக்கும், கிளம்பாத மாதிரியும் இருக்கும். ஸ்கூல் பிள்ளைகளும் மில் ஷிப்ட் ஆட்களும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் ஓடி வந்து ஏறுவார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகக் கைகலப்பு வரை போன சண்டைகள் உண்டு. பஸ் கைமாறும்போது வண்டிக்கு ஒரு விலை, ரூட்டுக்கு ஒரு விலை. ரூட் என்று சொல்வார்களே தவிர உண்மையில் விற்பது டைமைத்தான். காலை எட்டு மணி டைம் உள்ள ஓட்டை பஸ், மத்தியானம் இரண்டு மணி டைம் உள்ள புது பஸ்ஸைவிட மதிப்பு. புது பெர்மிட் வந்தால் பழைய பஸ்காரர்களையும் கூப்பிட்டு வைத்து நேரம் பிரிப்பார்கள். டைமிங் கான்பரன்ஸ் என்று அதற்குப் பெயர்.

விமான உலகத்திலும் வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் நவம்பரிலும், ஐயாட்டா அமைப்பு இதையேதான் நடத்துகிறது. உலகத்தின் விமானக் கம்பெனிகளும் விமான நிலையத்துக்காரர்களும் ஒரு ஊரில் கூடி, மேசை மேசையாக உட்கார்ந்து நேரம் கேட்கிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் ஸ்லாட் கான்பரன்ஸ். நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசில் ஏசி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்லாட் என்பது ஒரு விமான நிலையத்துக்கு வரவோ அங்கிருந்து கிளம்பவோ ஒரு விமானத்துக்குக் கொடுக்கப்பட்ட நேரம். விதி எளிமையானது. கோடைக்கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி சனி வரை, ஏறக்குறைய 30 வாரம். தினசரி விமானம் என்றால் 210 நாள். அதில் 80 சதவீதம், அதாவது 168 நாள் ஓட்டிவிட்டால் அடுத்த கோடைக்கும் அந்த நேரம் உனக்குத்தான். 42 நாள் வரை டிமிக்கி கொடுக்கலாம். நாற்பத்து மூன்றாவது நாள் நேரம் பறிபோகும். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, இந்தக் கணக்குக்குப் பயந்து ஐரோப்பாவில் ஆளில்லாமலே விமானங்களை ஓட்டினார்கள். பிறகு ஐரோப்பிய யூனியன் அந்த விதியையே நிறுத்தி வைத்தது.

இப்படி வருஷாவருஷம் தொடரும் உரிமைக்கு ஆங்கிலத்தில் கிராண்ட்ஃபாதர் ரைட்ஸ் என்றே பெயர். நாம் பாட்டன் சொத்து என்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். மிச்சம் மீதி விழுவதில் பாதி புதியவர்களுக்கு என்று விதி இருக்கிறது. ஆனால் நெரிசலான விமான நிலையத்தில் மிச்சமே விழாது. விழுந்தால் மத்தியானம் இரண்டு மணி நடைதான் விழும்.

மலிவு விமானக் கம்பெனிக்கு அது போதாது. ஒரு பறப்பும் ஒரு திருப்பமும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறுக்கு முதல் விமானம் கிளம்பினால் நள்ளிரவுக்குள் ஒன்பது பறப்புக்கு இடம் இருக்கிறது. நடைமுறையில் ஏழோ எட்டோ தேறும். பத்து மணிக்குத்தான் முதல் நேரம் கிடைத்தது என்றால் இரண்டு பறப்பு அங்கேயே அடிபட்டுப்போகும். டிக்கெட் மலிவு என்பது அந்த இரண்டு பறப்பில்தான் இருக்கிறது. அதுவும் ஒரு ஊரில் மட்டும் நேரம் கிடைத்தால் போதாது. போய் இறங்குகிற ஊரிலும் பொருந்திய நேரம் வேண்டும். திண்டுக்கல்லில் டைம் கிடைத்துத் திருச்சியில் கிடைக்காத பஸ் எங்கே போய் நிற்கும்?

நம் நாட்டில் இந்த நெருக்கடிக்குத் தலைநகரம் மும்பை. அங்கே ஓடுபாதை இரண்டு. ஆனால் இரண்டும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வெட்டிக்கொள்வதால் ஒரே சமயத்தில் இரண்டையும் பயன்படுத்த முடியாது. பெயருக்கு இரண்டு, காரியத்துக்கு ஒன்று. (சென்னையிலும் இரண்டு பாதைகள் குறுக்கே வெட்டுகின்றன. அதில் ஒன்று அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்ன ஆனது என்று தனி அத்தியாயம் எழுத ஆசை. இப்போது வேண்டாம்.) அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மும்பை உச்ச நேரத்தில் மணிக்கு 46 விமானங்களை ஏற்றி இறக்கியது. ஒரு விமானத்துக்கு 78 விநாடி. 2018-ல் ஒரே நாளில் ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

ஒருவர் வீழ்ந்தால்தான் இன்னொருவருக்கு நேரம் என்ற நிலை. 2019-ல் ஒருவர் வீழ்ந்தார். 1993 மே 5 அன்று பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ், 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானத்தை விட்டுவிட்டு நின்றுபோனது. மும்பையில் 280, டெல்லியில் 160 ஸ்லாட்டுகள் காலி. காலை நேரம், மாலை நேரம், கேட்டாலும் கிடைக்காத பொன்னான நேரங்கள் எல்லாம் அதில் இருந்தன. இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட், கோஏர் என்று மலிவு விமானக் கம்பெனிகள் அத்தனையும் மனுவோடு நின்றன. ஸ்பைஸ்ஜெட்டின் அவசரம் தனி. மார்ச்சில்தான் அதன் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் எல்லாவற்றையும் பாதுகாப்புக் காரணத்தால் தரையில் நிறுத்தியிருந்தார்கள். ஜெட் குத்தகைக்கு வைத்திருந்த 737 விமானங்களில் பலவற்றை அதுவே எடுத்துக்கொண்டது. வேலை போன விமானிகளில் சிலரையும் எடுத்தது.

அரசு இங்கே ஒரு நல்ல காரியம் செய்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். நேரத்தைத் தற்காலிகமாக, மூன்று மாதத்துக்கு என்று கொடுத்தது. கூடுதலாக விமானம் கொண்டுவருகிறவருக்கு முன்னுரிமை என்றது. வேறு ஊரில் ஓடுகிற விமானத்தைப் பிடுங்கி மும்பையில் விட்டால் அந்த வேறு ஊர் என்ன ஆகும்? அந்த வேறு ஊர் பல சமயம் மதுரையாக இருக்கும் என்பது நமக்குத் தெரியாதா!

தற்காலிகம் தற்காலிகமாகவே இருந்ததா என்று கேட்பீர்கள். ஜெட்டை மீட்க ஒரு கூட்டணி வந்தது. 2021 ஜூனில் தீர்ப்பாயம் அவர்கள் திட்டத்தை ஏற்றது. ஆனால் பழைய நேரங்களை உரிமையாகக் கேட்க முடியாது என்பதில் அரசு உறுதியாக இருந்தது. ஓட்டாதவனுக்கு டைம் இல்லை. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜெட்டைக் கலைத்துவிடச் சொல்லிவிட்டது.

இந்தியாவில் ஸ்லாட் யாருடைய சொத்தும் கிடையாது, விற்க முடியாது. லண்டனில் அப்படியில்லை. இதே ஜெட் ஏர்வேஸ் ஹீத்ரோவில் தன்னிடம் இருந்த மூன்று ஜோடி நேரங்களை 2013-ல் எதிஹாட் கம்பெனிக்கு 7 கோடி டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் 370 கோடி ரூபாய்க்கு மேல். விற்றுவிட்டு அதே நேரங்களை எதிஹாடிடமே வாடகைக்கு எடுத்து ஓட்டியது. வீட்டை விற்றுவிட்டு அதிலேயே குடியிருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். காலை மணியை விற்றுவிட்டு அதிலேயே குடியிருந்தார்கள்! அதே வருஷம், பக்கத்து கேட்விக் விமான நிலையத்தில் ஈஸிஜெட் என்ற மலிவு விமானக் கம்பெனி, ஃபிளைபியிடமிருந்து 25 ஜோடி நேரங்களை 2 கோடி பவுண்டுக்கு மொத்தமாக வாங்கியது. ஹீத்ரோவில் ஒரே ஒரு ஜோடிக்கு ஓமன் ஏர் 7.5 கோடி டாலர் கொடுத்ததாக 2016-ல் செய்தி வந்தது. ஒரே நகரம், இரண்டு ஸ்டாண்டு, விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். டைம் கீப்பர் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “பெரிய ஸ்டாண்டுல டைம்னா அப்படித்தான்” என்று முடித்துக்கொண்டார்.

மும்பைக்குத் திரும்புகிறேன். 78 விநாடிக் கணக்கு கடைசியில் தாங்கவில்லை. இறங்க இடமில்லாமல் விமானங்கள் அரை மணி, ஒரு மணி நேரம் மேலேயே வட்டமடித்தன. 40 நிமிஷம் சுற்றினால் சுமார் 1.7 கிலோலிட்டர் எரிபொருள், ஏறத்தாழ 1.8 லட்சம் ரூபாய் காற்றில் போகிறது என்று அரசே கணக்குச் சொன்னது. 2024 பிப்ரவரியில் மணிக்கு 46 என்பதை 44 ஆகக் குறைத்தார்கள்.

ஒற்றைத் தண்டவாளக் காலத்தில், வடமதுரை ஸ்டேஷனில் கிராஸிங்குக்காகப் பாசஞ்சர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வட்டம் புரியும். எக்ஸ்பிரஸ் போகிற வரை நாம் ஜன்னல் வழியே சிறுமலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரே வித்தியாசம், நின்றுகொண்டிருக்கிற ரயிலுக்கு எரிபொருள் செலவு குறைவு.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. 2006 ஆகஸ்ட் 4 அன்று முதல் விமானத்தை விட்டபோது இண்டிகோ புதிய ஆள். நேரம் கேட்டு நின்ற கூட்டத்தில் கடைசி. இன்று உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் அதில்தான் போகிறார்கள். மருமகளாக வந்தவள் மாமியார் ஆகிவிட்டாள். இப்போது பாட்டன் சொத்தில் பெரிய பங்கு அவளுடையது. நாளை புதிதாக வருகிற மலிவு விமானக் கம்பெனி நேரம் கேட்டு நிற்கும்போது எதிர்மேசையில் உட்கார்ந்திருப்பது அவள்தான். கட்டணம் குறைய வேண்டுமென்றால் அந்தப் பாதிப் பங்கு விதியைக் காகிதத்தில் மட்டும் வைத்திருந்தால் போதாது என்பது என் கட்சி.

இடம் முடிந்துவிட்டது. மதுரை அடுத்த வாரம், சத்தியமாக. 2024 அக்டோபர் 1 முதல் அது 24 மணி நேர விமான நிலையம். மும்பையில் ஒரு நிமிஷத்துக்கு அடித்துக்கொள்கிறபோது இங்கே ஒரு முழு ராத்திரியே திறந்து கிடக்கிறது. வடமதுரையிலிருந்து மதுரை விமான நிலையமும் திருச்சி விமான நிலையமும் கிட்டத்தட்ட ஒரே தூரம். அப்படியும் சிங்கப்பூர், மலேசியா போகிற நம்மவர்கள் பலர் திருச்சிப் பக்கம்தான் திரும்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விமானம் எத்தனை மணிக்கு, வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எதில் போனீர்கள் என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் வந்தால் சேர்த்துவிடுகிறேன்.