திசைவி: அமைப்பும் பேணுகையும்

'ரௌட்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'திசைவி' என்றும் 'வழிச்செயலி' என்றும் இரு சொற்கள் வழங்கி வருகின்றன. இரண்டும் பொருளின் ஒரு பகுதியையே உணர்த்துகின்றன. அக்கருவி திசை காட்டுவதோடு அமைவதில்லை. வழி பலவற்றுள் ஏற்றதொன்றைத் தேர்கிறது. வழியற்றதைக் கைவிடவும் செய்கிறது. எனினும் சுருக்கம் கருதி இக்கட்டுரையில் 'திசைவி' என்றே வழங்குவோம். இதனினும் பொருத்தமான சொல்லை நம் மாணவர் எவரேனும் ஆக்கித் தருவாராயின் மகிழ்வோம்.

ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொதியும் தான் சேரவேண்டிய இடத்தின் ஐ.பி. முகவரியைத் தாங்கி நிற்கும். திசைவி அம்முகவரியைத் தன் வழிப்பட்டியலோடு ஒப்பிட்டு நோக்குகிறது. பட்டியலில் ஊரின் பெயரும் அவ்வூர்த் தெருவின் பெயரும் தனித்தனியே இருப்பின் தெருவுக்குரிய குறிப்பையே பின்பற்றும். நுண்ணியதே வலியது என்பது அதன் விதி. மேலும், ஒரு பொதி ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்போதும் அதில் பொறித்த ஓர் எண் ஒன்று குறைக்கப்படுகிறது. எண் சுழியை எட்டின் பொதி வீழ்த்தப்படும். இவ்வேற்பாடு இல்லையேல் வழிதவறிய பொதிகள் வலையமைப்பினுள் முடிவின்றிச் சுழன்று கொண்டேயிருக்கும். 1969-இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்புக்கென லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட பொறியே இத்தகைய கருவிகளின் முன்னோடி எனலாம்.

வீட்டில் நாம் காணும் சிறு திசைவி ஒரே வார்ப்பாக அமைந்தது. பழுதுற்றால் எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவோம். பல கட்டடங்களையும் பல கிளைகளையும் உடைய நிறுவனத்திற்கு அது போதாது. இன்று வாடகைத் தொலைபேசிக் கம்பி, நாளை ஒளியிழை, மறுநாள் புதியதொரு கட்டடம் எனத் தேவை வளர்ந்துகொண்டே செல்லும். ஒவ்வொரு முறையும் முழுப்பொறியையும் மாற்றுதல் இயலாத செயல். எனவே உடலை நிலையாக வைத்து, உறுப்புகளை மட்டும் செருகவும் கழற்றவும் ஏற்றவாறு திசைவிகள் வடிவமைக்கப்பட்டன. இவ்வகையில் பெயர் பெற்றது சிஸ்கோ நிறுவனத்தின் 7200 வரிசை. அதன் 7206 வி.எக்ஸ்.ஆர். என்னும் பொறியைச் சான்றாகக் கொள்வோம்.

முழுதும் நிரப்பினால் ஏறத்தாழ 23 கிலோ எடையுள்ள இரும்புப் பெட்டி அது. அடித்தட்டில் 0 என எண்ணிட்ட கட்டுப்பாட்டு அட்டையும், அதன்மேல் அட்டைகளைச் செருகுதற்குரிய ஆறு இடங்களும் உள்ளன. கீழிருந்து மேலாக 1, 3, 5 இடப்பக்கமும், 2, 4, 6 வலப்பக்கமும் அமையும். பின்புறம் மூளை போன்ற செயலிப் பலகையும் இரண்டு மின்வழங்கிகளுக்கான இடமும் இருக்கின்றன.

ஆறு இடங்கள் இருக்கின்றனவே, எந்த அட்டையையும் எங்கும் செருகலாம் என்று எண்ணிவிடலாகாது. இடப்பக்க அட்டைகள் ஓர் உள்வழியையும், வலப்பக்க அட்டைகள் மற்றோர் உள்வழியையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வோர் உள்வழியும் தாங்கக்கூடிய சுமை 600 புள்ளிகள் என வகுக்கப்பட்டுள்ளது. ஒரு வாயில் உடைய விரைவு ஈத்தர்நெட் அட்டைக்கு 200 புள்ளிகள். இரு வாயில் உடையதற்கு 400. ஆகவே வலப்பக்கத்தில் இருவாயில் அட்டைகள் இரண்டைச் செருகினால் 800 ஆகிவிடும். பொறி அதனால் நின்றுவிடுவதில்லை. இயங்கத் தொடங்கும்போது திரையில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அவ்வெச்சரிக்கையைப் படிப்பார் இலர். பின்னர், 'வலை மெதுவாக இருக்கிறதே' என்னும் முறையீடு மட்டும் நாள்தோறும் எழும்.

பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டையைக் கழற்றி மாற்றலாம் என்பது இவ்வரிசையின் சிறப்புகளுள் தலையாயது. எனினும் இச்சிறப்பு அந்த ஆறு இடங்களுக்கே உரியது. செயலிப் பலகையையோ அடித்தட்டுக் கட்டுப்பாட்டு அட்டையையோ தொடுமுன் மின்சாரத்தை நிறுத்தியே ஆகவேண்டும். அட்டைகளையும் ஒரே நேரத்தில் இரண்டாக உருவுதல் கூடாது. ஒன்றை மாற்றிச் சில விநாடி பொறுத்த பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும். அதே வகை அட்டையைச் செருகினால் பழைய அமைவுகளைப் பொறி தானே நினைவுகூரும். வேறு வகையாயின் புதிதாகக் கற்பிக்க வேண்டும்.

நினைவு என்றோமே, பேணுகையின் உயிர்நிலை அங்குதான் உள்ளது. திசைவிக்கு இருவகை நினைவு உண்டு. நாம் இடும் கட்டளைகள் உடனே செயலுக்கு வருவது ரேம் எனப்படும் நிலையா நினைவில். மின்சாரம் போனால் அதுவும் போகும். நிலைத்த நினைவில் உள்ள படியை மட்டுமே பொறி மறுமுறை எழும்போது படிக்கும். முன்னதைப் பின்னதில் எழுத ஒரே ஒரு கட்டளை போதும். அதை இட மறந்தாலும் பொறி குறைவின்றி ஓடும். தவறு நடந்ததற்கான தடயமே தெரியாது.

முன்னர் நாம் பணியாற்றிய ஓரிடத்தில் இது நேர்ந்தது. புதிய அலுவலகக் கட்டடத்திற்கான வழியைத் திசைவியில் சேர்த்த இளைஞர் சில வாரங்களில் வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிட்டார். எட்டு மாதம் ஒரு குறையுமில்லை. கட்டணம் செலுத்துதற்குரிய இறுதி நாளின் முன்னிரவில் மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டது, மின்கலமும் தீர்ந்தது. காலையில் திசைவியின் விளக்குகள் யாவும் பச்சையாகவே ஒளிர்ந்தன. ஆனால் அந்தக் கட்டடத்தை அது அறியவில்லை. அட்டை பழுதோ, கம்பி அறுந்ததோ எனத் தேடியதில் பிற்பகல் ஆயிற்று. வெளியூரிலிருந்து மகளுடன் வந்திருந்த தந்தை ஒருவர், கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறது என்று மூன்று முறை வந்து கேட்டார். சேர்க்கப்பட வேண்டியிருந்தது ஒரே வரி. அவ்வரி எதுவென்று எழுதிவைத்த தாள் ஒன்றும் அங்கில்லை. அன்று அந்தத் தந்தைக்குச் சொல்ல நம்மிடமும் மறுமொழி இல்லை.

எழுதியிருந்தும் படிக்கப்படாமற் போகும் நிலையும் உண்டு. கடவுச்சொல் மறந்தால் அதை மீட்பதற்காகத் தொடக்கப் பதிவெண்ணை 0x2102 என்பதிலிருந்து 0x2142 என மாற்றுவர். பின்னது இருக்கும்வரை, சேமித்த அமைவைப் பொறி படியாது. வேலை முடிந்ததும் பழைய எண்ணைத் திரும்ப இட மறப்பவர் பலர். 'ஷோ வெர்ஷன்' என்னும் கட்டளையின் கடைசி வரியில் அவ்வெண் தெரியும். மாதம் ஒருமுறையேனும் அதை நோக்குதல் நன்று.

ஏனைய பேணுகைகள் எளியன. வெற்று இடங்களைத் திறந்துவிடாமல் மூடுதகடு இடவேண்டும். இல்லையேல் விசிறி இழுக்கும் காற்று அட்டைகளின்மேல் செல்லாமல் குறுக்கு வழியில் வெளியேறிவிடும். மின்வழங்கிகள் இரண்டும் வெவ்வேறு மின்சுற்றிலிருந்து வருதல் வேண்டும். ஒரே சுவர்ச்செருகியில் இரண்டையும் இணைத்துவிட்டு மாற்று ஏற்பாடு செய்துவிட்டதாக நம்புவோரைக் கண்டிருக்கிறோம். அட்டையைத் தொடுமுன் கைப்பட்டை அணிந்து உடலின் நிலைமின்னைத் தரைக்கு இறக்கவேண்டும். அமைவின் படி ஒன்று திசைவிக்கு வெளியே, வேறொரு கணிப்பொறியிலும் தாளிலும், மாற்றியவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றோடு இருத்தல் வேண்டும்.

இவ்வரிசையின் விற்பனை 2012-இல் நிறுத்தப்பட்டது. 2017-இல் நிறுவனத்தின் ஆதரவும் முடிவுற்றது. அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு அதற்கெனத் திருத்தம் வாராது. ஆதலால், பொறி இன்னும் ஓடுகிறதே என வெளியுலகை நோக்கிய வாயிலில் அதை நிறுத்தி வைத்தல் தகாது. ஆய்வுக்கூடத்தில் மாணவர் கழற்றிப் பூட்டிப் பழகுதற்கு அதனினும் ஏற்றது வேறில்லை.

பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுப்பதாயின் ஒன்று செய்தல் வேண்டும். நிலைத்த நினைவில் நிறுவனத்தின் முகவரிகளும் கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும். அவற்றுள் 7 என்னும் வகைக்குறியோடு மறைத்து எழுதப்பட்டவற்றைச் சில நொடிகளில் வெளிப்படுத்திவிடலாம். எனவே 'ரைட் இரேஸ்' என்னும் கட்டளையால் அவ்வமைவை அழித்து, ஃபிளாஷ் அட்டையையும் உருவி வைத்துக்கொண்ட பின்னரே பெட்டியை வாயிற்படி தாண்ட விடுக.