சீசன் டிக்கெட் – 9: படிக்கட்டுக் கணக்கு

குரோம்பேட்டையிலிருந்து அம்பத்தூர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், கிலோமீட்டர் எனக்குச் சட்டென்று வாயில் வராது. முழங்காலைக் கேட்டால் படிக்கணக்கில் சொல்லும். ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் அது ஓய்வுதான். நடுவில் பார்க்கில் இறங்கி வண்டி மாறுகிறோமே, அதற்குத்தான் பயணம் என்று பெயர்.

பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குத் தென்பக்கம் பார்க் ஸ்டேஷன். பக்கத்திலேயே பறக்கும் ரயிலின் பார்க் டவுன். சாலைக்கு வடபக்கம் சென்ட்ரல். அதை ஒட்டி, ஆவடி, கும்மிடிப்பூண்டி வண்டிகள் நிற்கும் மூர் மார்க்கெட் வளாகம். 1985இல் எரிந்துபோன பழைய மார்க்கெட்டின் இடம் அது. பூமிக்கடியில் மெட்ரோ. எல்லாம் கூப்பிடு தூரம். ஆனால் ஒன்றை ஒன்று தொடாது.

இதற்கு ஒரு பழைய பங்காளித் தகராறு உண்டு. 1873இல் வந்த சென்ட்ரல் ஒரு கம்பெனியின் அகலப்பாதை. 1931இல் பீச்–தாம்பரம் மின்சார ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே என்னும் வேறு கம்பெனி; அது மீட்டர் கேஜ். தண்டவாளமே ஒட்டாதபோது பிளாட்பாரம் எப்படி ஒட்டும்? கம்பெனிகள் போய், மீட்டர் கேஜும் 2004இல் போய்விட்டது. சாலையைத் தாண்டும் வேலை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. 1995இல் பறக்கும் ரயில் வந்தபோதும் அதற்கென்று தனி ஸ்டேஷன்தான்.

2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கலாம். படிக்கட்டுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு காலை நேரம், எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, தலையில் ஈரச் சாக்கு போர்த்திய கீரைக்கூடை. திருநின்றவூரில் ஏறியவராம், மாம்பலம் மார்க்கெட்டுக்குப் போகிறார். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர், அவர் ஏறிய படிகளில் ஒற்றையடிப் பாதைபோல ஒரு கோடு போட்டிருந்தது.

“லிப்ட்டுல போகலாமேம்மா?”

“அதுக்கு நிக்கிற நேரத்துல ரெண்டு வண்டி போயிடும் சார். அப்புறம் இந்த முளைக்கீரை வாடுனா நீங்களா வாங்குவீங்க?”

பேசிக்கொண்டே ஏறினார். எனக்கு மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. தாம்பரம் வண்டி உள்ளே வரும் சத்தம் கேட்டதும் அவர் நடை ஓட்டமானது. ஒரு கை கூடையில், ஒரு கை புடவைக் கொசுவத்தில். நான் பிளாட்பாரத்தைத் தொட்டபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. கூடையை வாசலோரம் இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“பின்னாடியே செங்கல்பட்டு வண்டி வருது சார், நில்லுங்க!”

(தொடரும்)